சொல் வருமுன் பிள்ளைகள் பேசும் பல வழிகள்: ஸ்பீச் தெரபிக்கு வரும் வீட்டாருக்கு முழுமையான வழிகாட்டி

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டேகால் வயதுப் பையனோடு ஒரு அம்மா வந்திருந்தார். "ஒரு வார்த்த பேச மாட்டேங்கிறான் மேடம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே பையன் மடியிலிருந்து இறங்கினான். கீழே இருந்த தோள்பையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அவர் கையைப் பிடித்து இழுத்துப் பையின் ஜிப்பில் வைத்தான். அம்மா கையை உருவிக்கொண்டார். "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு மறுபடியும் கையை எடுத்து வைத்தான். பைக்குள் பிஸ்கட் இருந்தது.

அந்த ஒரு நிமிடத்தில் கண்ணால் ஒரு முறை, கையால் இரண்டு முறை, குரலால் ஒரு முறை அவன் பேசிவிட்டான். யாரும் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேச்சு தாமதமான, ஒன்று முதல் மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகளின் வீட்டாருக்காக இதை எழுதுகிறேன். ஸ்பீச் தெரபிஸ்ட் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் உதவும். படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். மதுரையில் நான் பார்க்கிற குடும்பங்களில் பெரும்பாலானவர்கள் முதல் நாளே சொல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். பிள்ளை இப்போது எப்படிப் பேசுகிறது என்று தெரியாமல் அடுத்த சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: ஒரு 80 பக்க நோட்டு, அதோடு நூலில் கட்டிய பேனா, கேமரா உள்ள செல்போன், பிள்ளைக்கு உயிரான நாலைந்து பொருள்கள். இவற்றைவிட முக்கியம், பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பவர். அது அப்பத்தாவோ அம்மாச்சியோ என்றால் அவரையும் தெரபிக்குக் கூட்டி வாருங்கள். அவரை விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் மட்டும் கற்றுக்கொண்டு போனால் வீட்டில் பாதி நாள் பழைய மாதிரியே ஓடும்.

1. முதலில் காதைச் சோதியுங்கள்

"கூப்பிட்டா திரும்புறான், காது நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லாத வீடே இல்லை. கதவு அறையும் சத்தத்துக்குத் திரும்புகிற பிள்ளைக்கு 'ச' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் பேச்சு மங்கலாகத்தான் போய்ச் சேரும். மங்கலாகக் கேட்பதைப் பிள்ளையால் தெளிவாகத் திருப்பிச் சொல்ல முடியாது. அதனால்தான் இது முதல் படி.

உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ., ஒலி காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா என்று இரண்டு சோதனைகள் உண்டு. இரண்டிலும் பிள்ளை பதில் சொல்ல வேண்டியதில்லை. பெராவைப் பெரும்பாலும் தூக்கத்தில்தான் எடுப்பார்கள். மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல்: பிள்ளை பஸ்ஸில் தூங்கி முடித்துவிட்டு, சோதனை நேரத்தில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கும். அன்றைக்குச் சீக்கிரமே எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார்களா, அப்படியானால் எத்தனை மணிக்கு மேல் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்பதை முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். காதில் குறை இருப்பது தெரிந்தால் கருவி பொருத்துவதைத் தள்ளிப் போடாதீர்கள். காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) தேவைப்படும் சின்னப் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு பலன்.

நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது. நாக்கு அடியில் ஒட்டியிருந்தால் சில ஒலிகள் திருத்தமாக வராமல் போகலாம். ஆனால் பிள்ளை பேசாமலேயே இருப்பதற்கு அது காரணமில்லை.

"அவுக அப்பாவும் நாலு வயசுலதான் பேசுனாக" என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 12 மாதத்தில் மழலை ஒலியோ கை காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் இரண்டு சொல் சேர்த்துச் சொல்வதில்லை என்றால் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. இருந்த சொல் மறைந்துபோனால், எந்த வயதானாலும் சரி, உடனே போங்கள்.

2. ஒரு வாரம் எதையும் சொல்லிக்கொடுக்காமல் எழுதுங்கள்

எல்லோரும் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். நான் ரொம்ப நேரம் செலவிடுவதும் இதில்தான்.

நோட்டைச் சமையலறையில் ஆணியில் மாட்டுங்கள். பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள்: பிள்ளை என்ன செய்தது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, என்ன சொல்ல வந்தது. ஒரு வீட்டு நோட்டிலிருந்த சில வரிகள் இப்படி:

"டம்ளரை எடுத்து அப்பத்தா காலில் வைத்தான். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். தண்ணி."

"முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டைத் தள்ளினான். நாலு வாய்க்கு அப்புறம். போதும்."

"மாடியில் காக்காவைப் பார்த்து 'ஆ' என்றான். பிறகு என்னைப் பார்த்தான். காக்காவைப் பார், அம்மா."

"தாத்தா செருப்பை எடுத்து வந்து போட்டான். சாயங்காலம். வெளியே கூட்டிட்டுப் போ."

பார்வை, இழுப்பு, தள்ளல், முனகல், செருப்பைக் கொண்டுவருவது, அழுகை, அழுகையில் உள்ள வித்தியாசம், எல்லாம் எழுத வேண்டியவைதான். சொற்களை மட்டும் எழுதினால் பக்கம் காலியாகவே இருக்கும், மனசும் விட்டுப்போகும். இன்னொரு தவறு, மூன்றாவது கட்டத்தில் "அடம்" என்று எழுதுவது. அடத்துக்குப் பின்னால் ஒரு பொருள் இருக்கும்: வேண்டாம், இன்னும் கொஞ்சம், என்னைப் பார், பயமாயிருக்கிறது. அதை எழுதுங்கள். தெரியாவிட்டால் கேள்விக்குறி போட்டு வையுங்கள். இரண்டு நாளில் அதே மாதிரி இன்னொன்று நடக்கும், அப்போது பிடிபடும்.

வார முடிவில் நோட்டை வைத்துக்கொண்டு, பிள்ளை எதற்காகப் பேசுகிறது என்று பிரித்துப் பாருங்கள். கேட்பது, மறுப்பது, ஆளைக் கூப்பிடுவது, ஒன்றைக் காட்டிச் சந்தோஷப்படுவது. என்னிடம் வரும் பிள்ளைகள் பலரிடம் முதல் இரண்டும் நிறைய இருக்கும், கடைசி ஒன்று குறைவாக இருக்கும் அல்லது இருக்காது. எத்தனை சொல் இல்லை என்பதைவிட எந்தக் காரணம் இல்லை என்பதுதான் தெரபிஸ்டுக்கு அதிகம் உதவும். காக்காவைப் பார்த்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்க்கிற பிள்ளைக்கும், பிஸ்கட்டுக்கு மட்டும் கையை இழுக்கிற பிள்ளைக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது.

3. எந்த வழியில் பேசினாலும் பதில் கொடுங்கள்

பிள்ளை டப்பாவைக் கொண்டுவந்து மடியில் வைத்தால் "திறக்கணும்" என்று சொல்லிக்கொண்டே திறந்து கொடுங்கள். அது கையால் சொன்னதை நீங்கள் வாயால் சொல்கிறீர்கள். பிள்ளை சொன்னது பலித்தது, அதோடு அதற்கான சொல்லும் காதில் விழுந்தது.

"சொன்னாத்தான் தருவேன்" என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். பந்தை உயரே தூக்கிப் பிடித்துக்கொண்டு "பந்து சொல்லு, பந்து சொல்லு" என்பேன். ஒரு சின்னப் பெண் மூன்று வாரம் என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். நாலாவது வாரத்திலிருந்து கை நீட்டுவதையும் நிறுத்திவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளிடம் இருந்த ஒரு வழியையும் நான் அடைத்துவிட்டேன். அதைத் திரும்பத் திறக்க இரண்டு மாதம் பிடித்தது.

"கை காட்டினதுக்கெல்லாம் குடுத்தா சோம்பேறியாயிருவான்" என்று பயப்படாதீர்கள். பலித்த வழியைப் பிள்ளை திரும்பத் திரும்பச் செய்யும். செய்யச் செய்யத்தான் அதில் குரல் சேரும். பலிக்காத பிள்ளை கத்தும், கடிக்கும், இல்லையென்றால் ஒதுங்கிவிடும்.

கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. கத்தி வேண்டும் என்று இழுத்தால் "கத்தி வேணும். வெட்டும், வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வேறொன்றைக் கொடுங்கள். கேட்டது காதில் விழுந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

4. எதிரே உட்கார்ந்து பத்து எண்ணுங்கள்

பிள்ளையின் கண் உயரத்துக்குக் கீழே இறங்குங்கள். தரையில் பாய் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாலே போதும். உங்கள் வாயும் கையும் முகமும் தெரிந்தால்தான் அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும். செல்போனைக் காட்டிச் சோறு ஊட்டும் வீடுகளில் இந்த எதிர்முகமே இல்லாமல் போய்விடுகிறது. ஒரு வேளைச் சாப்பாடாவது போன் இல்லாமல் தொடங்குங்கள்.

சோப்புக் குமிழி ஊதும் டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை ஊதுங்கள். மூன்றாவது முறை குச்சியை வாயருகே கொண்டுபோய் நிறுத்துங்கள். புருவத்தை உயர்த்திப் பிள்ளையைப் பாருங்கள். மனசுக்குள் ஒன்று முதல் பத்துவரை எண்ணுங்கள். பேசாதீர்கள்.

பத்து நொடி ரொம்ப நீளம். மூன்றிலேயே உங்களுக்கு வாய் துறுதுறுக்கும். சின்னப் பிள்ளைக்குப் பார்த்து, புரிந்து, உடம்பைத் தயார்ப்படுத்திச் செய்ய அந்த நேரம் வேண்டும். ஆறிலோ ஏழிலோ ஒரு கால் உதறும், ஒரு "பூ" வரும், கை உங்கள் வாயைத் தொடும். எது வந்தாலும் உடனே "ஊது!" என்று சொல்லி ஊதுங்கள். ஒன்றுமே வராவிட்டாலும் பத்தில் ஊதிவிடுங்கள். காத்திருப்பதற்கும் பிடித்து வைத்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, கை மேல் நண்டு ஊரவிட்டு, அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டும் இதற்கு அருமையானது. முழங்கையில் நண்டை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். இந்த ஒன்றை மட்டும் அப்பத்தாக்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததே இல்லை.

5. தமிழில் எந்தச் சொல், எந்த வடிவம்

கேள்வியைக் குறையுங்கள். "இது என்ன? மாமா எங்க? நாய் எப்படிக் கத்தும்?" என்று நாள் முழுக்கப் பரீட்சை வைத்தால் பதில் தெரியாத பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். விருந்தாளி வந்ததும் "மாமாவுக்கு டாட்டா சொல்லு" என்று முன்னால் நிறுத்துவதும் இதே வகைதான்.

தமிழில் இன்னொரு சங்கதி இருக்கிறது. நாம் "வேணுமா?" என்று கேட்டுத்தான் எதையும் கொடுக்கிறோம். பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டு, தனக்கு வேண்டும்போது "வேணுமா?" என்கிறது. "சாப்பிடுறியா?" என்று வந்து நிற்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கலாம். நம் வினையில் யார் செய்கிறார்கள் என்பது கடைசியில் ஒட்டிக்கொண்டு வருவதால், நம் பக்கத்து வாக்கியம் பிள்ளையின் வாயில் மாறிப்போகிறது. ஆகவே பிள்ளை சொல்ல வேண்டிய வடிவத்தையே நீங்கள் சொல்லுங்கள்: வேணும், வேண்டாம், போதும், இன்னும், தா, திற, தூக்கு, ஊது. எல்லாம் சின்னச் சொற்கள். ஒரு நாளில் ஐம்பது தடவை பயன்படும்.

அளவு: சொல்லே இல்லாத பிள்ளையிடம் ஒரு சொல்லாகச் சொல்லுங்கள். ஒரு சொல் வந்த பிள்ளையிடம் இரண்டு. "பால்" என்றால் "பால் வேணும்", "பால் சுடுது". ஒரேயடியாக நீட்டினால் எந்தச் சொல்லைப் பிடிப்பது என்று அதற்குத் தெரியாது.

மம்மு, பாச்சி, தோத்தோ எல்லாம் சொற்கள்தான், திருத்த வேண்டாம். உதட்டில் பிறக்கும் ம, ப போன்றவை சீக்கிரம் வரும் ஒலிகள். ஒரே அசை இரண்டு தரம் வந்தால் சொல்வதும் சுலபம். நம் பாட்டிகள் பேசிய குழந்தைமொழி பிள்ளையின் வாய்க்கு அளவெடுத்துத் தைத்தது.

வீட்டு மொழியை மாற்றாதீர்கள். எல்.கே.ஜி.க்காக இப்போதே "ஆப்பிள், டாக், கேட்" என்று அட்டை காட்டுவதால் பேச்சு வேகமாக வராது. மதுரையில் சௌராஷ்டிரா பேசும் வீடுகளில் "ரெண்டு மொழி குழப்பும், ஒன்ன விட்டுருங்க" என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. அம்மாவுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ அந்த மொழியிலேயே பேசட்டும்.

6. சைகைகளைச் சேருங்கள்

ஒரு வாரத்துக்கு இரண்டு சைகை போதும். "போதும்" என்று கையை விரித்துக் காட்டுவது, "வா" என்று அழைப்பது, சுட்டிக் காட்டுவது, கும்பிடுவது, டாட்டா. நீங்கள் செய்யும்போது சொல்லையும் சேர்த்தே சொல்லுங்கள். கை அசைவு பிள்ளைக்கு வாயசைவைவிட முதலில் வசப்படும், பார்க்கவும் தெளிவு. வாய்ச்சொல் பிறகு அதன் மேல் வந்து உட்காரும்.

பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டிச் செய்ய வைக்காதீர்கள். கை அதனுடையது. பிடிக்கப் பிடிக்க, "நீ செய்துவிடு" என்று கையை நம்மிடமே விட்டுவிடும். நீங்கள் செய்து காட்டுங்கள், காத்திருங்கள், அரைகுறையாக விரல் அசைந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. படங்களைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்

பிள்ளை குடிக்கும் அதே டம்ளர், அதே ஊஞ்சல், அதே தாத்தா: போனில் படம் எடுத்து, உள்ளங்கை அளவில் பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்யுங்கள். கடையில் விற்கும் அட்டைப் படத்து ஆப்பிள் அதற்கு அந்நியம். ஐந்தாறு படத்தோடு தொடங்கலாம். அதில் "வேண்டாம்" ஒன்றும் "போதும்" ஒன்றும் கட்டாயம். கேட்பதற்கு மட்டுமே படம் என்றால் மறுப்பதற்குக் கடிதான் மிஞ்சும்.

முதல் இரண்டு வாரம் படத்தை நீங்கள்தான் பயன்படுத்த வேண்டும். பால் கொடுக்கும்போது படத்தைத் தொட்டு "பால்" என்று சொல்லுங்கள். "எங்க காட்டு, பால் எது?" என்று கேட்க வேண்டாம். நாம் ஒரு வருடம் பேசிக் கேட்ட பிறகுதானே பிள்ளை முதல் சொல் சொல்கிறது, படத்துக்கும் அதே நியாயம்தான்.

பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் வைத்துவிடுகிறார்கள். சேட்டை செய்தால் பிடுங்கி வைத்துவிடுகிறார்கள். அது பிள்ளையின் வாயைப் பொத்துவதற்குச் சமம். பிரிட்ஜ் கதவில், அதன் நெஞ்சு உயரத்தில் ஒட்டுங்கள். வெளியே போனால் பையில் ஒரு செட்.

"படம் காட்டிப் பழகிட்டா வாயால பேசவே மாட்டானே" என்பது எல்லோருக்கும் உள்ள பயம். பல ஆண்டு ஆய்வுகளில் படமும் சைகையும் பேச்சைக் குறைத்ததாகத் தெரியவில்லை. பல பிள்ளைகளுக்குப் பேச்சு கூடத்தான் செய்தது. தெரபிஸ்ட் சொன்னால் டேப்லெட்டுக்கும் போகலாம், சென்னையில் உருவான அவாஸ் போன்ற செயலிகள் இருக்கின்றன. வாங்குமுன் தமிழ்க் குரல் உங்கள் பிள்ளைக்குப் புரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதே டேப்லெட்டில் கார்ட்டூன் ஓட வேண்டாம்.

8. கேட்டதையே திருப்பிச் சொல்கிற பிள்ளை

ஒரு பையன் வாசலில் நின்று "பெரியார் பெரியார் பெரியார், ஏறு ஏறு" என்று கத்துவான். மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் ஏற்றும் கண்டக்டர் குரல் அச்சு அசலாக இருக்கும். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், அப்புறம் "சும்மா இருடா" என்று அதட்டுவார்கள். நோட்டில் எழுதிப் பார்த்தபோது, சாயங்காலம் கதவு பூட்டியிருக்கும்போது மட்டும் கத்துகிறான் என்று தெரிந்தது. வெளியே போக வேண்டும் என்பதற்கு அவனிடம் இருந்த வாக்கியம் அதுதான்.

இப்படிப் பேசும் பிள்ளைகள் வாக்கியத்தை மொத்தமாக, அது கேட்ட சூழ்நிலையோடு எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதட்டி நிறுத்தாதீர்கள். எங்கே கேட்டது, எப்போது சொல்கிறது என்று எழுதுங்கள். பொருள் பிடிபட்டதும், "பெரியார் போலாம்! வெளிய போலாம்" என்று அதன் சொல்லையும் சேர்த்து, அது எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வடிவத்தைக் கொடுங்கள். நாலைந்து வாரத்தில் அந்தப் பையன் செருப்போடு வந்து "வெளிய பெரியார்" என்றான். அவனே சேர்த்தது.

9. தெரபி அறைக்குள்

பார்க்கப் போகிறவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். தயங்க வேண்டிய கேள்வி இல்லை.

நோட்டையும் இரண்டு மூன்று சின்ன வீடியோக்களையும் கொண்டுபோங்கள். புது இடத்தில் பிள்ளை ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். உள்ளே கூடவே உட்காருங்கள். வாரத்தில் தெரபி இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம், மீதி நேரமெல்லாம் வீட்டில்தானே. ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது "இந்த வாரம் வீட்டில் எந்த ஒன்றைச் செய்யணும்?" என்று கேளுங்கள். பத்துச் சொன்னால், குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் செய்யக்கூடிய ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் கட்டி உட்கார வைத்து, அழ அழ அட்டையைக் காட்டினால், ஏன் என்று கேளுங்கள். அழுகிற பிள்ளை அழுகையைத் தவிர அங்கே எதையும் கற்றுக்கொள்வதில்லை.

10. ஆறு வாரம் கழித்து நோட்டைத் திரும்ப எடுங்கள்

மறுபடியும் ஒரு வாரம், அதே மூன்று கட்டம். சொற்களை மட்டும் எண்ணாதீர்கள். முதலில் மாறுவது வேறு: கத்தல் குறையும், கையை இழுப்பவன் சுட்டிக் காட்டுவான், சைகையோடு ஒரு ஒலி சேரும், கேட்பது மட்டும் இருந்த இடத்தில் காட்டுவதும் வரும். உசிலம்பட்டிப் பையனின் இரண்டாவது நோட்டில், அம்மாவின் கையெழுத்தில் ஒரு வரி: "பையைத் தொட்டு 'ப்பா' என்றான், என்னைப் பார்த்தான். பை, திற." பழைய நோட்டில் அதே இடத்தில் கேள்விக்குறிதான் இருந்தது.

இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துத் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். மூன்று மாதமாகியும் எந்தக் கட்டமும் அசையவில்லை என்றால் பயிற்சியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், காதையும் ஒரு முறை திரும்பச் சோதியுங்கள். முதல் சோதனைக்குப் பிறகு சளியும் காதுவலியும் வந்துபோயிருந்தால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.